கையெழுத்து, தூக்கம், காது: எல்லைப் பக்கத்து இசைக்காரர்கள் கோட்டை விடும் இடங்கள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டு ஊர்களான கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் கீபோர்டோ தபேலாவோ வாசிப்பவர்களுக்கு எல்லைக்கு இரண்டு புறமும் வேலை உண்டு. கார்த்திகையிலிருந்து சித்திரை வரை பாலக்காட்டு உற்சவங்களில் கானமேளா என்கிற மேடைப் பாட்டுக் கச்சேரி, நடுவில் பொள்ளாச்சிப் பக்கம் கல்யாணக் கச்சேரி, எப்போதாவது பக்தி ஆல்பத்துக்கு ஸ்டுடியோ வாசிப்பு. இவர்களில் யாராவது மனம் நொந்து ஒதுங்கிப்போனால், "கலைஞன்னா கொஞ்சம் அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோண்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் சம்பளப் பாக்கி, படிக்காமல் போட்ட கையெழுத்து, தூங்காத ராத்திரி என்றுதான் இருக்கும்.

கையெழுத்தை முதலில் பார்ப்போம். நம் பக்கத்தில் பலருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பேச மட்டும்தான். படித்தது தமிழ் மீடியம். திருச்சூரிலோ கொச்சியிலோ ரெக்கார்டிங் முடிந்து சாப்பாட்டுப் பொட்டலம் வரும் நேரமாகப் பார்த்து முத்திரைத்தாளை நீட்டுவார்கள். படிக்க வராது என்று சொல்லக் கூச்சம். கேள்வி கேட்டால் அடுத்த பாட்டுக்குக் கூப்பிட மாட்டாரோ என்று பயம். சரி என்று போட்டுவிட்டு வந்து, கொஞ்ச நாள் கழித்துத் தன் மெட்டைத் தன் யூடியூப் சேனலிலேயே ஏற்றினால் காப்பிரைட் க்ளெய்ம் வந்து நிற்கிறது. அதன் பிறகு ஹார்மோனியத்தைத் தொடவே பிடிக்காமல் போனால் அது கிறுக்கா?

தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, "வீட்டில் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். எத்தனை வருஷத்துக்கு, எந்த நாடுகளுக்கு, எதெதற்கு என்ற மூன்றையும் தேடுங்கள். 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்தில் கொடுத்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று முன்கூட்டியே அடித்து வைத்திருப்பது ஏன் என்று இப்போது புரியும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, மெட்டுப் போட்டவரும் பாட்டு எழுதியவரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தப் பணத்தை வசூலித்துப் பிரித்துக் கொடுப்பது 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் என்ற காப்புரிமைச் சங்கம். அதில் சேராமல் 'ஒண்ணும் வரவில்லை' என்று புலம்பிப் பயனில்லை. கூலிக்கு வாசித்தவருக்கு மெட்டுக்கான இந்தப் பங்கு வராது. அவர் சம்பளத்தை அன்றைக்கே கைநீட்டி வாங்கிவிடுவது உத்தமம்.

அப்புறம் சீசன். ஆடியில் கை காலியாக இருக்குமே என்ற பயத்தில் நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழாச் சமயத்தில் வந்த தேதியையெல்லாம் ஒப்புக்கொள்வார்கள். நடுராத்திரி முடிந்து, ஸ்பீக்கரை வேனில் ஏற்றி, விடியும்போது வீடு. உடம்பு ஓய்ந்தாலும் மேடைச் சூடு தணியாது. அதற்கு ஒரு குவார்ட்டர். குடித்தால் படுத்ததும் தூக்கம் வரும், ஆனால் பின்பாதித் தூக்கம் கெட்டுவிடும். மூன்று ராத்திரி தொடர்ந்து போனால் நாலாவது தேதியைத் தெரிந்த குழுவுக்குத் தள்ளிவிடுங்கள். அவர்களும் ஒரு நாள் உங்களுக்குத் தள்ளுவார்கள்.

காதை யாரும் மனநலத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். செண்டைக்குப் பக்கத்திலும் வாசிப்பவர் பக்கம் திருப்பி வைக்கும் மேடை மானிட்டர் ஸ்பீக்கருக்கு முன்னாலும் அந்த அளவு சத்தம் சர்வசாதாரணம். காதில் ஓயாமல் 'கொய்ங்' என்று இரைச்சல் தங்கிவிட்டால் தூக்கம் போய், படபடப்பும் கூடவே வரும். பஞ்சு போதாது, இயர்பிளக் வேண்டும்.

மேடை நடுக்கத்துக்கு அடுத்தவர் சட்டைப் பையிலிருந்து ப்ரொப்ரனோலால் என்ற படபடப்பைக் குறைக்கும் மாத்திரையை வாங்கிப் போடுவதும் நடக்கிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கொச்சியில் கூப்பிட்டால் "கொஞ்சம் தமிழ்க் குத்து போடுங்க" என்பார்கள், கோவையில் "அந்தக் கேரளா ஃபீல்" என்பார்கள். போட்டுக் கொடுத்துப் பணத்தை வாங்குங்கள், தப்பில்லை. அது ஒன்றையே நம்பியிருப்பதுதான் தப்பு. வாரத்தில் நாலு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வீட்டு வாடகை வந்துவிட்டால், பிடிக்காத வேலைக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வரும். சுதந்திரம் என்று பெரிதாகச் சொல்வதில் முக்கால்வாசி அதுதான்.

கொஞ்ச காலம் பாடாமல் இருந்தாலே ஆள் முடிந்துவிட்டார் என்று நினைப்பதும் வீண். நம் பாலக்காட்டுக் கர்நாடக சங்கீத வித்வான் செம்பை வைத்தியநாத பாகவதரே நடுவில் குரல் போய்ப் பாட முடியாமல் இருந்துவிட்டு, திரும்பி வந்து 1974இல் காலமாகும்வரை பாடினார்.

இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ சரியில்லை, வாத்தியத்தைத் தொடவே மனசு வரவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். வேனில் யாராவது "இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொன்னால் கிண்டல் செய்து கடந்துவிடாதீர்கள். அவரைத் தனியாக விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அந்த நம்பரைப் போட்டுக் கொடுங்கள்.