சுண்டுவிரல் நகத்தளவு இடம்: ரயில் சக்கரத்தின் பிடிப்பை வீட்டு மேசையில் அளப்பது எப்படி?

டபிள்யூஏஜி-9 சரக்கு இன்ஜினின் எடை 123 டன். ஆறு அச்சு, பன்னிரண்டு சக்கரம். ஒரு சக்கரத்துக்குப் பத்து டன்னுக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவு எடையும் தண்டவாளத்தில் இறங்குகிற இடம் ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தளவு. புறப்படும்போது இந்த இன்ஜின் 458 கிலோநியூட்டன் (விசையை அளக்கும் அலகு) வரை இழுக்கும். அதை இன்ஜினின் எடையால் (சுமார் 1,207 கிலோநியூட்டன்) வகுத்தால் 0.38 வரும். அந்த நகத்தளவு இடத்தில் உராய்வுக் குணகம் (வழுக்காமல் தாங்கும் விசையை, அழுத்தும் எடையால் வகுத்த எண்) 0.38-க்குக் கீழே இறங்கினால் முழு இழுவை கிடைக்காது, சக்கரம் வழுக்கத் தொடங்கும்.

இந்த எண்ணைக் கையால் அளந்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். அதற்காகத் தண்டவாளப் பக்கம் போய்விடாதீர்கள். ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. வீட்டு மேசையே போதும்.

முதலில், தொடும் இடம்

உள்ளே காற்றில்லாத, கெட்டியான ரப்பர் பந்து ஒன்று, ஸ்டாம்ப் பேடு, வெள்ளைத்தாள், 5 கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசு. தராசின் மேல் தாளை வையுங்கள். பந்தில் மை தடவி, தராசு 500 கிராம் காட்டும் வரை நேராக அழுத்தி எடுங்கள். மறுபடி மை தடவி, பக்கத்திலேயே 4 கிலோ வரை அழுத்துங்கள். இரண்டு வட்டங்களின் விட்டத்தையும் அளந்து எழுதுங்கள்.

அழுத்திய விசை எட்டு மடங்கு, விட்டம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பரப்பு நான்கு மடங்கு. ஆக, ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்கும் அழுத்தம் இரட்டிப்பாகிறது. வளைந்த இரண்டு பொருள்கள் தொடும்போது இப்படித்தான் நடக்கும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1882-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். எஃகும் இதே விதிப்படிதான் நசுங்குகிறது, அளவு மிகச் சிறியது என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு வித்தியாசம்: சக்கரத்தின் வளைவும் தண்டவாளத் தலையின் வளைவும் வேறு வேறு என்பதால், அங்கே விழும் தடம் பொதுவாக வட்டமாக இருக்காது, முட்டை வடிவில் இருக்கும்.

அடுத்து, உராய்வு

லேத் பட்டறையில் 50 செ.மீ. நீள இரும்புப் பட்டை ஒன்றும், அதே இரும்பில் தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்றும் வாங்குங்கள். வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் ராவிவிடுங்கள். இல்லையென்றால் பிசிறு மாட்டிக்கொள்வதை உராய்வு என்று எண்ணி எழுதிவிடுவோம். இரண்டையும் 400-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தின்னரால் துடையுங்கள்.

பட்டையை மேசையில் வைத்து, அதன் மேல் துண்டை வையுங்கள். துண்டு இருக்கும் பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள். துண்டு வழுக்கத் தொடங்கியதும் நிறுத்தி, தூக்கிய முனையின் உயரத்தையும், மேசை மேல் கிடைமட்டமான அடித்தூரத்தையும் அளங்கள். உயரத்தை அடித்தூரத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம்.

இங்கே பலரும் தவறுவது ஒன்றுண்டு. உயரம் 20 செ.மீ. என்றால் 50-ஆல் வகுத்து 0.40 என்று எழுதிவிடுவார்கள். 50 என்பது சாய்ந்திருக்கும் பட்டையின் நீளம். அடித்தூரம் 45.8 செ.மீ.தான், சரியான விடை 0.44.

பத்துமுறை செய்யுங்கள். எண்கள் சிதறும், சிதறட்டும். நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்காத எண்ணை மட்டும் அழிக்காதீர்கள். நான் முதன்முதலில் செய்தபோது எண் சரசரவென்று கீழே இறங்கிக்கொண்டே போனது. பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்: வரிவரியாக என் கட்டைவிரல் ரேகை. தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவிய கை அது. மறுபடி துடைத்து, விளிம்பை மட்டும் பிடித்துச் செய்தபின் எண் மேலே ஏறியது. எஃகு அதே எஃகுதான், நடுவில் இருந்த எண்ணெய்ப் படலம்தான் மாறியது. இந்த வேலையில் புரிந்துகொள்ள வேண்டியதே இதுதான். எண்ணுக்குப் பக்கத்தில் மேற்பரப்பு எப்படி இருந்தது என்று எழுதவில்லையென்றால் அந்த எண்ணால் பயனில்லை.

அப்புறம் நிலையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள்: காய்ந்தது, தண்ணீர் தெளித்தது, ஒரு சொட்டு எண்ணெய், அரைத்த ஈர இலை. இலையைத் தவறவிடாதீர்கள். பிரிட்டனில் இலையுதிர் காலத்தில் சக்கரங்கள் இலைகளை நசுக்கி நசுக்கித் தண்டவாளத்தில் கறுப்பான கெட்டிப் படலமாக்கிவிடும். குணகம் 0.1-க்கும் கீழே போய்விடும், பிரேக் போட்டாலும் ரயில் நிற்காமல் வழுக்கும். அதற்கென்றே தனி ரயில்கள் தண்ணீரைப் பீய்ச்சி அதைச் சுரண்டி, மணல் கலந்த பசையைப் பூசிக்கொண்டு போகின்றன. இன்ஜின்களில் மணல் பெட்டி இருப்பதும் இதற்காகத்தான்.

நிஜத் தண்டவாளத்தில் அளக்கப் பொறியாளர்கள் கையால் தள்ளிச் செல்லும் கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். சிறிய சக்கரம் ஒன்று தண்டவாளத்தின் மேல் உருளும், அதற்குப் படிப்படியாக பிரேக் கொடுப்பார்கள். வழுக்கும் நேரத்து விசையே அளவு. நம் மேசைச் சோதனை இதற்கு ஈடாகாது. இழுக்கும் சக்கரம் உருண்டுகொண்டே ஓரிரு சதவீதம் வழுக்கும், நம் துண்டோ வெறுமனே சறுக்குகிறது. நிலைக்கு நிலை ஒப்பிட்டுப் பார்க்க நம் எண் போதும்.

இந்தச் சோதனைக்கு ஒரு முன்னோடியும் உண்டு. வழுவழு சக்கரம் வழுவழு தண்டவாளத்தைப் பிடிக்காது என்று அஞ்சி, 1812-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் மிடில்டனில் பற்சக்கரம் வைத்து ஓட்டினார்கள். அந்நாட்டுச் சுரங்க மேற்பார்வையாளர் வில்லியம் ஹெட்லி அதை அப்படியே நம்பிவிடவில்லை. வைலம் சுரங்கத்தில் ஒரு வண்டிக்குக் கைப்பிடிகள் பொருத்தி, ஆட்களை விட்டுச் சுற்றச் சொல்லி, எவ்வளவு எடைக்கு எவ்வளவு இழுவை கிடைக்கிறது என்று அளந்தார். பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் பல்லில்லாத சக்கரத்தில் இன்ஜினை ஓட்டினார்.

ஆனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் இன்றும் வேண்டியிருக்கிறது. நீலகிரி மலை ரயில் அங்கே 12.28-க்கு 1 என்ற ஏற்றத்தில், அதாவது 12.28 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும்படி, ஏறுகிறது. இன்ஜினின் எடை மொத்த ரயிலின் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ரயிலையும் இன்ஜினின் சக்கரங்கள் மட்டுமே பிடித்து இழுப்பதால், ஏற்றத்தை மட்டும் சமாளிக்கவே 3-ஐ 12.28-ஆல் வகுத்து, 0.24 குணகம் வேண்டும். சரி, இப்போது உங்கள் நோட்டில் ‘தண்ணீர்’, ‘ஈர இலை’ என்று எழுதிய வரிகளைப் பாருங்கள்.