அப்பாச்சி ஓடவில்லையா? 80-ஐ 8080 ஆக்குங்கள்

பாளையங்கோட்டையில் படிக்கும் தங்கச்சி மகனின் லேப்டாப்பில் நேற்று ஸாம்ப் (XAMPP: சொந்தக் கணினியிலேயே இணையதளம் செய்து பார்க்க உதவும் மென்பொருள்) போட்டுக் கொடுத்தேன். அதில் வலைப்பக்கங்களை எடுத்துத் தரும் சர்வரான அப்பாச்சிக்கு (Apache) எதிரே ஸ்டார்ட்டை அழுத்தினால், சிவப்பு எழுத்தில் ஏதோ சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. “மாமா, அழிச்சிட்டுத் திரும்பப் போடட்டுமா?” என்றான். “பொறுல” என்றேன்.

பெரும்பாலும் அப்பாச்சிக்கு வேண்டிய 80-ஆம் போர்ட்டை (மென்பொருள்கள் தகவல் வாங்கி அனுப்பும் எண்ணிட்ட வாசல்) வேறொரு மென்பொருள் பிடித்து வைத்திருக்கும். வலப்பக்கம் உள்ள நெட்ஸ்டாட் பட்டனை அழுத்தினால் எது என்று தெரிந்துவிடும். அப்புறம், அப்பாச்சி வரிசையில் கான்ஃபிக்கை அழுத்தி முதல் கோப்பைத் திறங்கள். ‘லிசன் 80’ என்பதை 8080 ஆக்குங்கள். ‘சர்வர்நேம்’ வரியின் கடைசியில் வரும் 80-ஐயும் மாற்றுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சேமித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட்.

பிரவுசரில் இனி லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று அடிக்க வேண்டும். எல்லாம் அதே லேப்டாப்பில் ஓடுவதால், ஐப்பசி மழையில் நெட் போனாலும் பக்கம் திறக்கும்.