அமெரிக்காவில் வணிக டிரக் ஓட்டுநர் உரிமம் பெறும் வழி

அமெரிக்காவில் டிராக்டர்-டிரெய்லர் போன்ற கனரக வாகனங்களை ஓட்டிப் பிழைக்க விரும்புபவருக்கு, எல்லோரும் சி.டி.எல். என்று சுருக்கமாகச் சொல்லும் வணிக ஓட்டுநர் உரிமம் தேவை. உரிமத்தை வழங்குவது நீங்கள் குடியிருக்கும் மாநிலம். குறைந்தபட்சத் தகுதிகளையும் தேர்வின் அமைப்பையும் வகுத்திருப்பது கூட்டாட்சி அரசு. ஆகவே கட்டணமும் படிவங்களும் மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும் ஏற வேண்டிய படிகள் பெரும்பாலும் ஒன்றே. பலர் முதலில் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டிவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். எந்த வகுப்பு உரிமம், எந்த வண்டியில் தேர்வு, உடல்தகுதி உண்டா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே பணம் கட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வகுப்புகள் மூன்று. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த இணைப்பு வாகனத்தின் மொத்த எடைத் தகுதி (சரக்குடன் சேர்த்துத் தாங்கக்கூடிய எடை) 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருந்து, அதில் இழுத்துச் செல்லப்படும் பகுதி மட்டும் 10,000 பவுண்டைத் தாண்டினால் ‘ஏ’ வகுப்பு; தனி வாகனமே 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் ‘பி’ வகுப்பு; அவற்றுக்குள் அடங்காமல், ஓட்டுநரையும் சேர்த்து 16 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றும் வாகனங்களுக்கும் அபாயகரமான சரக்குக்கான அறிவிப்புப் பலகை தேவைப்படும் வாகனங்களுக்கும் ‘சி’ வகுப்பு. நெடுந்தூரச் சரக்கு ஓட்டமே இலக்கு என்றால் நேராக ‘ஏ’ வகுப்புக்குப் போவதே நல்லது.

வகுப்பைப் போலவே முக்கியமானது தேர்வுக்கு எடுத்துச் செல்லும் வண்டி. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் தேர்ச்சி பெற்றால், கைக்கியர் வண்டி ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு உரிமத்திலேயே பதிவாகிவிடும். முழு ஏர் பிரேக் (காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்) இல்லாத வண்டி என்றாலும், ஃபிஃப்த் வீல் எனப்படும், டிரெய்லரை டிராக்டருடன் பூட்டும் தட்டு இணைப்பு இல்லாத ‘ஏ’ வகுப்பு வண்டி என்றாலும் அதே கதிதான். பின்னர் அதை நீக்க வேண்டுமானால் தகுந்த வண்டியில் மறுபடியும் தேர்வு தர வேண்டும். எனவே பள்ளியில் சேரும்போதே, தேர்வு நாளில் தரப்போகும் வண்டி எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாநில எல்லைக்குள் மட்டும் ஓட்டப் பெரும்பாலான மாநிலங்களில் 18 வயது போதும். மாநிலம் விட்டு மாநிலம் செல்லப் பொதுவாக 21 ஆக வேண்டும். சாலைப் பலகைகளைப் படிக்கவும் அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் போதுமான ஆங்கிலம் வேண்டும் என்ற விதி பழையது. ஆனால் 2025 ஜூன் முதல், அது இல்லாத ஓட்டுநர் சாலைச் சோதனையில் வண்டியிலிருந்தே இறக்கப்படலாம். குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்புரிமையோ இல்லாதவர்களுக்கான விதிகள் 2025க்குப் பிறகு இறுகியிருப்பதால், அவர்கள் மாநில உரிம அலுவலகத்தில் நேரில் விசாரித்த பிறகே எதையும் தொடங்க வேண்டும்.

அடுத்தது உடல்தகுதிச் சான்று. கூட்டாட்சிப் பதிவேட்டில் இடம்பெற்ற பரிசோதகரிடம் மட்டுமே இதைப் பெற முடியும். அதிகபட்சம் 24 மாதங்களுக்குச் செல்லும். கண்ணாடி அணிந்தோ அணியாமலோ ஒவ்வொரு கண்ணுக்கும் 20/40 பார்வை என்பது பொது அளவுகோல். ஒரு கண்ணில் அது குறைந்தவர்களுக்கு 2022 முதல் மாற்று வழி உண்டு. இன்சுலின் எடுப்பவர்களும் மனந்தளர வேண்டியதில்லை: சிகிச்சையளிக்கும் மருத்துவர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்துடன் அவர்கள் தகுதி பெறும் வழியை 2018ஆம் ஆண்டின் விதிமாற்றம் திறந்திருக்கிறது.

இவை கைக்கு வந்ததும் பழகுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுகள். ‘ஏ’ வகுப்புக்குப் பொது அறிவு, ஏர் பிரேக், இணைப்பு வாகனம் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் 80 விழுக்காடு பெற்றாக வேண்டும். மாநிலம் இலவசமாகத் தரும் கையேட்டை வரிவரியாகப் படித்தவருக்கு இது கடினமல்ல. பழகுநர் உரிமம் பெற்றபின், உரிய வணிக உரிமம் உள்ளவர் அருகில் அமர்ந்திருந்தால் மட்டுமே சாலையில் ஓட்டலாம். 14 நாட்கள் கழியாமல் ஓட்டும் திறன் தேர்வுக்குப் போக முடியாது.

2022 பிப்ரவரி 7 முதல், முதன்முறையாக ‘ஏ’ அல்லது ‘பி’ உரிமம் பெறுபவர்கள், கூட்டாட்சிப் பதிவேட்டில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனத்தில் பாடமும் ஓட்டுப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: எத்தனை மணி நேரம் ஓட்டிப் பழக வேண்டும் என்று கூட்டாட்சி விதி எதையும் நிர்ணயிக்கவில்லை, நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று பயிற்றுநர் மதிப்பிட்டால் போதும். ஆகவே விளம்பரத்தில் உள்ள வாரக் கணக்கை நம்பாமல், ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கப்போகும் நேரம் எவ்வளவு, ஒரு வண்டிக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். நான்கு பேர் ஏறும் வண்டியில் முக்கால் பங்கு நேரம் வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும்.

திறன் தேர்வு வாகனப் பரிசோதனை, அடிப்படைக் கட்டுப்பாடு, சாலை ஓட்டம் என மூன்று பகுதிகளாக, ஆங்கிலத்திலேயே நடக்கும். முதல் பகுதியைத்தான் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டோ சுட்டியோ பெயரைச் சொல்லி, அதில் எதைப் பார்க்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘டயர் நன்றாக இருக்கிறது’ என்றால் மதிப்பெண் கிடைக்காது. முன் டயரின் பள்ளங்கள் 4/32 அங்குலத்துக்கும் மற்றவற்றில் 2/32 அங்குலத்துக்கும் குறையவில்லை, பக்கவாட்டில் வெட்டோ வீக்கமோ இல்லை, காற்றழுத்தம் சரி என்று பிரித்துச் சொல்ல வேண்டும். டிராக்டரும் டிரெய்லரும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள்: ஃபிஃப்த் வீல் தட்டுக்கும் டிரெய்லரின் அடித்தட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கக்கூடாது, பூட்டுத் தாடைகள் டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின் என்ற முளையின் தலையை அல்ல, அதன் கழுத்தைச் சுற்றி இறுகியிருக்க வேண்டும். இது தவறினால் ஓடும்போதே டிரெய்லர் கழன்றுவிடலாம் என்பதால், தேர்வுக்குப் பிறகும் வாழ்நாள் முழுதும் விடக்கூடாத பழக்கம் இது.

ஏர் பிரேக் சோதனையை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காற்றழுத்தம் நிரம்பியதும் இன்ஜினை நிறுத்திச் சாவியை மட்டும் திருப்பி வைத்து, பார்க்கிங் பிரேக்குகளை விடுவித்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் அளவுமானியைப் பாருங்கள். இணைப்பு வாகனத்தில் 4 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. பிறகு பிரேக்கை மிதிப்பதும் விடுவதுமாகத் தொடர்ந்தால் அழுத்தம் படிப்படியாகக் குறையும். கையேடு குறிப்பிடும் அளவுக்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை ஒலியோ விளக்கோ வர வேண்டும். தொடர்ந்து மிதித்தால், பொதுவாக 20 முதல் 45 பி.எஸ்.ஐ.க்குள் பார்க்கிங் பிரேக் குமிழ்கள் தாமாக வெளியே தெறித்து வண்டி பூட்டிக்கொள்ள வேண்டும். எதற்காக எதைச் செய்கிறோம் என்று புரிந்துகொண்டு பழகினால் பதற்றத்திலும் வரிசை மறக்காது.

அடிப்படைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் பின்னோக்கி ஓட்டும்போது, ஸ்டீயரிங்கைத் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக டிரெய்லர் நகரும் என்பது கைக்குப் பழகச் சில நாட்கள் ஆகும். வேகம் குறைவாக இருக்கட்டும். ஐயம் வந்தால், அனுமதித்துள்ள எண்ணிக்கைக்குள் வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். சாலை ஓட்டத்தில் வலப்புறத் திருப்பங்களே பலரைத் தோற்கடிக்கின்றன. டிரெய்லரின் பின்சக்கரம் உள்வாங்கி நடைபாதை விளிம்பில் ஏறுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும்.

டேங்கர், இரட்டை டிரெய்லர் ஆகியவற்றுக்கான கூடுதல் அனுமதிகளுக்கு எழுத்துத் தேர்வு போதும். அபாயகரமான சரக்குக்குப் பாடப் பயிற்சியுடன் கைரேகையும் பின்னணிச் சரிபார்ப்பும் உண்டு. வேலையில் சேரும் முன் போதைப்பொருள் சோதனை கட்டாயம். கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்தாலும் இங்கே அது செல்லாது. சோதனையில் சிக்கினால் கூட்டாட்சித் தரவுத்தளத்தில் பதிவாகும், 2024 நவம்பர் முதல் அப்படித் தடைப்பட்டவரின் வணிக ஓட்டும் தகுதியை மாநிலமே நீக்கியாக வேண்டும். அதை மீட்க, தகுதி பெற்ற நிபுணரின் மதிப்பீடும் சிகிச்சையும் மறுசோதனையும் முடித்தாக வேண்டும்.