செஞ்சியும் வேலூரும்: இருபது பேரோடு இரண்டு நாள் கோட்டைப் பயணம் போடுவது எப்படி?

போன தை மாதம் எங்கள் குடியிருப்பிலிருந்து 18 பேர் சென்னையில் வேன் ஏறி, செஞ்சிக் கோட்டையையும் வேலூர்க் கோட்டையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்கு மூன்று வருடம் முன்பு இதே பயணத்தை மே மாதத்தில் போட்டிருந்தேன். பதினொரு மணி வெயிலில் ஏறத் தொடங்கி, பாதி மலையில் என் சித்திக்குத் தலைசுற்றி, எல்லோரும் திரும்பி இறங்கினோம். அந்த முறை நான் என்னவெல்லாம் யோசிக்காமல் விட்டேன் என்பதிலிருந்துதான் இந்த வரிசை வந்தது.

முதலில்: கோட்டைகளைக் குறையுங்கள்

புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்ததும் இரண்டு நாளில் ஐந்து கோட்டை என்று எழுதிவிடுவார்கள். வேண்டாம். நாளுக்கு ஒன்று போதும். செஞ்சி மலைக்கோட்டை, வேலூர் சமதளத்தில் அகழி சூழ்ந்த கோட்டை. செஞ்சியில் ஏற முடியாத பெரியவர்கள் வேலூரை முழுவதும் நடந்தே பார்க்கலாம். யாரும் வீணாக வந்தோம் என்று நினைக்க மாட்டார்கள்.

இரண்டாவது: ஆளும் நாளும்

பெயர்ப் பட்டியல் எழுதும்போதே ஒவ்வொருவரிடமும் நேராகக் கேளுங்கள்: "உங்களால் 800 அடி மலை ஏற முடியுமா?" முட்டுவலி, மூச்சிரைப்பு, கைக்குழந்தை எல்லாம் இப்போதே தெரிந்துவிடும். உச்சிவரை போகிறவர்கள், பாதிவரை போகிறவர்கள், அடிவாரத்தில் பார்க்கிறவர்கள் என மூன்று குழு பிரித்துவிடுங்கள்.

மார்கழி, தை, மாசி நல்ல காலம். மழைக்காலத்தில் படிகள் வழுக்கும். செஞ்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் திருவண்ணாமலை இருப்பதால் அங்கேதான் இரவு தங்குவது வசதி. அப்படியென்றால் காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். கிரிவலக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, வண்டியும் நகராது.

மூன்றாவது: வண்டியும் பணமும்

வேன் வாடகை பேசும்போது ஓட்டுநர் பேட்டா, சுங்கக் கட்டணம், பார்க்கிங் ஆகியவை அதில் சேர்ந்ததா, தனியா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பாதிப் பணத்தை முன்பே வசூலித்துவிட்டால் கடைசி நேரத்தில் "நான் வரலை" என்பவர்கள் குறைவார்கள். கணக்கை ஒருவரே வைத்துக்கொள்ளட்டும்.

நான்காவது: செஞ்சி நாள்

காலை 5 மணிக்குக் கிளம்பி, திண்டிவனத்தில் டிபன் முடித்தால் 9 மணிக்குள் மலையடியில் இருக்கலாம். பிற்பகலில் கோட்டையின் உயரமான மலையான ராஜகிரியில் ஏற அனுமதியை நிறுத்திவிடுவார்கள் என்பதால் மலைதான் முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பிடுங்கிவிடும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பொறுப்பு கொடுங்கள். கடைசியில் வருபவர் எவரையும் தாண்டி முன்னே போகக் கூடாது. சித்தியை அன்று தனியாகப் பின்தங்க விட்டது என் தவறு.

கதையையும் பங்கு பிரித்துக் கொடுங்கள். நாங்கள் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு பகுதியைக் கொடுத்தோம். 1677இல் சிவாஜி இதைப் பிடித்தது ஒருவனுக்கு. அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை 1690இலிருந்து 1698வரை முற்றுகையிட்டுக் கிடந்தது இன்னொருத்திக்கு. ஆற்காட்டு நவாப்புக்குக் கப்பம் கட்ட மறுத்து 1714இல் போரில் மடிந்த தேசிங்கு ராஜாவின் கதையைக் கடைக்குட்டி சொன்னான். உச்சிக்குச் சற்று முன்னே பாறை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம் இருக்கும், அதன்மேல் சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் தாண்ட முடியாது. எட்டு வருட முற்றுகை எப்படி நீண்டது என்று அங்கே நின்றால்தான் புரிகிறது. கதையை வேனிலேயே சொல்லித் தீர்த்துவிடாமல் அந்த இடம்வரை வைத்திருங்கள்.

ஏறாதவர்களுக்கும் கீழே நிறைய உண்டு: கல்யாண மகால், தானியக் களஞ்சியங்கள், வெங்கடரமணர் கோயில். புதுச்சேரிக் கடற்கரையில் வரிசையாக நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவைதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றே. அதனால் இனி கூட்டம் கூடும், வார நாளில் போக முடிந்தால் போங்கள்.

மலைமேல் சாப்பாடு கிடையாது. செஞ்சி ஊருக்குள் ஏதாவது மெஸ்ஸில் முதல் நாளே 18 சாப்பாடு என்று சொல்லிவைத்தால் இறங்கியதும் காத்திருக்க வேண்டாம்.

ஐந்தாவது: வேலூர் நாள்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் இருக்கிறது, பகலில் நடை சாத்துவதற்குள் முதலில் அங்கே போய்விடுங்கள். வெகுகாலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் அது, 1981இல்தான் லிங்கத்தை மீண்டும் பிரதிஷ்டை செய்தார்கள். கல்யாண மண்டபத் தூண்களுக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை உண்டு, முன்பே போனில் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் மதில்மேல் நடந்து போய் அகழியைப் பார்த்தபடி 1806 ஜூலை 10 பற்றிப் பேசுங்கள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகைதான் அணிய வேண்டும் என்ற ஆங்கிலேயர் உத்தரவால் கொதித்த இந்தியச் சிப்பாய்கள் விடியுமுன் எழுந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயரின் குதிரைப்படை வந்து அன்றே அதை அடக்கியது. கொல்லப்பட்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்கு 51 ஆண்டு முன்னால் நடந்தது இது. எங்கள் குழுவில் பாதிப்பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள், எனக்கு அது வருத்தமாக இருந்தது.

நேரம் இருந்தால் பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்துக்கும் போங்கள். இலங்கையின் கண்டி அரசின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் இறந்தார், அவருடைய சமாதி அங்கே இருக்கிறது. எங்களோடு வந்த மலையேறாத பெரியவர்கள் அதிக நேரம் உட்கார்ந்திருந்த இடம் அதுதான். மாலை 5 மணிக்குக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குச் சென்னை வந்துவிடலாம்.