நாற்காலி மேல் கிடக்கும் துணியிலிருந்து ஆரம்பிக்கலாம்

எங்கள் படுக்கையறையில் ஒரு மர நாற்காலி இருக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை. கொடியிலிருந்து எடுத்து வந்து மடிக்காமல் விட்ட துணி, இன்னொரு தடவை போட்டுக்கொள்ளலாம் என்று வைத்த சட்டை, ஈரம் காயாத துண்டு எல்லாம் அதன் மேல்தான் விழும். கடந்த ஆறு வருடங்களில் நான் மிக அதிகமாக வரைந்தது அந்த நாற்காலியைத்தான்.

நான் ஓவியம் படித்தவள் இல்லை. பகல் முழுக்கக் கணக்கு எழுதும் வேலை. காலையில் பதினைந்து நிமிடம் வரைவேன், அவ்வளவுதான். "தினமும் வரைய ஆசை, ஆனால் என்ன வரைவதென்றே தெரியவில்லை" என்று சொல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கை வராததால் வரைவதை நிறுத்தியவர்களைவிட, இந்தக் கேள்வியில் சிக்கி நிறுத்தியவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் மூன்று முறை அப்படி நிறுத்தியிருக்கிறேன்.

எனக்குக் கிடைத்த தீர்வு எளிமையானது. வரைய வேண்டிய பொருளைத் தினமும் தேடாதீர்கள். ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அது நாற்காலியாக இருக்கலாம், வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளாக இருக்கலாம், சாவிக்கொத்தாக இருக்கலாம். தானாகவே நிலை மாறும் பொருளாக இருந்தால் நல்லது. அன்றைக்கு வேறு ஏதாவது கண்ணைப் பிடித்தால் அதை வரையுங்கள். இல்லையென்றால் அந்தப் பொருள் காத்திருக்கிறது. யோசிப்பதற்கென்று ஒரு நிமிடம்கூடப் போகாது.

இது ஒன்றும் சின்ன விஷயமில்லை. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1493-இல், இருபத்திரண்டு வயதுக்குள், ஒரே தாளில் ஆறு தலையணைகளை வரைந்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கசங்கியிருக்கும். அதே தாளின் மறுபக்கத்தில் அவருடைய முகமும் ஒரு கையும் இருக்கின்றன. அந்தத் தாள் இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொரு ஜெர்மன் ஓவியர் அடால்ஃப் மென்சல், எழுந்து போனபின் யாரும் சரிசெய்யாத ஒரு படுக்கையை அப்படியே வரைந்து வைத்தார். இத்தாலியின் ஜார்ஜியோ மொராண்டி வாழ்நாளின் பெரும்பகுதியைத் தன் அறையிலிருந்த சில புட்டிகளையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வரைவதிலேயே கழித்தார். அவர்கள் கண்ட வளம் அந்தப் பொருள்களில் இருந்தது. நம் வீட்டுப் பொருள்களிலும் அது இருக்கிறது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கோடு போடாத ஏ5 நோட்டு ஒன்று, கொஞ்சம் மென்மையான 2பி பென்சில் ஒன்று, ஒரு கறுப்புப் பேனா. ஏ5 என்றால் பைக்குள் போகும், பதினைந்து நிமிடத்தில் பக்கம் நிறையும். தாள் 100 ஜிஎஸ்எம்மாவது (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) இருக்கட்டும், இல்லாவிட்டால் மை பின்பக்கம் தெரியும். பேனா வாங்கும்போது மை தண்ணீருக்குத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு மழையில் என் பை நனைந்து, நாற்பது பக்கம் நீலக் கறையாகிப் போனது. இன்னமும் அந்த நோட்டைத் திறந்தால் மனசு கனக்கிறது. அப்புறம், முதல் மூன்று மாதம் ரப்பரைத் தொடாதீர்கள். தப்பான கோட்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள். தப்புக் கோடு பக்கத்திலேயே இருந்தால்தான் எவ்வளவு தள்ளிப் போட்டோம் என்று கண்ணுக்குத் தெரியும்.

நேரத்தை, ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். நான் பல் தேய்த்து முடித்ததும் உட்கார்ந்துவிடுவேன், போனைத் தொடும் முன். தொட்டுவிட்டால் அந்தப் பதினைந்து நிமிடம் போனது போனதுதான்.

சரி, துணியை எப்படி வரைவது? முதல் ஒரு நிமிடம் பென்சில் தாளில் படக்கூடாது. துணி எங்கே பிடிபட்டிருக்கிறது என்று மட்டும் தேடுங்கள். நாற்காலி முதுகின் முனையில் ஒரு துண்டு தொங்கினால், எல்லா மடிப்பும் அந்த ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிக் கீழே விரியும். இரண்டு முனைகளில் மாட்டியிருந்தால், நடுவில் தொய்ந்து, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வளைந்த மடிப்புகள் வரும். சட்டைக் கை சுருட்டி ஒதுங்கியிருந்தால் மடிப்புகள் இடமும் வலமுமாக மாறி மாறி விழும். துணி பார்க்கக் குழப்பமாக இருந்தாலும், எடை கீழே இழுக்கிறது, ஏதோ ஒரு புள்ளி மேலே பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் நடக்கிறது. அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டால் மடிப்பு ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று புரியும். புரிந்த மடிப்பைத்தான் கை வரையும். புரியாமல் போட்ட மடிப்பு தகரம் மாதிரி நிற்கும். முதல் வருடம் என் துணிகள் எல்லாம் தகரமாகத்தான் இருந்தன.

அடுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சம் ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம் என்று பிரியும். இருட்டான பகுதியை எல்லாம் ஒரே அழுத்தத்தில் சாய்கோடுகளால் நிரப்புங்கள். வெளிச்சம், இருட்டு என்று இரண்டே தொனி, அதாவது நிழலின் அடர்த்தி, போதும். நடுத்தொனிகளை ஒரு மாதம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம். அறையில் இரண்டு மூன்று விளக்கு எரிந்தால் நிழல்கள் ஒன்றையொன்று கெடுத்துவிடும். ஒரு ஜன்னலோ ஒரு விளக்கோ, ஒரே பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும்.

நாற்காலிக் கால்கள் சரியாக வரவில்லை என்றால் கால்களை விட்டுவிடுங்கள். கால்களுக்கு நடுவே தெரியும் சுவரின் வடிவத்தை வரையுங்கள். ஒரு சாய்ந்த நாற்கரம், ஒரு ஒல்லி முக்கோணம் என்று அவை வரும். "நாற்காலிக்கு நாலு கால், நாலும் ஒரே உயரம்" என்று நமக்குத் தெரிந்திருப்பதுதான் கையைக் கெடுக்கிறது. காலி இடத்தைப் பற்றி நமக்கு எந்த முன்முடிவும் இல்லாததால், அதைக் கண் உள்ளபடி பார்க்கிறது. எனக்கு நாற்காலி முதன்முதலாக நேராக நின்றது இப்படித்தான்.

ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைந்தால் சலிக்காதா என்று கேட்பார்கள். முதல் இரண்டு வாரம் சலித்தது, உண்மைதான். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். பேருந்தில் முன்னால் நிற்பவரின் சட்டை முதுகில் நாற்காலித் துண்டின் மடிப்பைப் பார்த்தேன். மூடி வைத்த குடையில் அதையே பார்த்தேன். காய்ந்து சுருண்ட இலையிலும் இருந்தது. ஒன்றை நன்றாக வரைந்துவிட்டால் அதன் உறவுகள் எல்லாம் தெருவில் எதிரே வரும். உந்துதல் வரட்டும், பிறகு வரையலாம் என்று காத்திருந்த காலத்தில் எனக்கு அது வரவே இல்லை. நேற்று வரைந்ததிலிருந்துதான் இன்றைக்கு வரைய வேண்டியது கிடைத்தது.

அப்படி எதிரே வருவதை எல்லாம் உடனே வரைய முடியாது. அதற்காக நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி வையுங்கள். அங்கே படம் வேண்டாம், ஒரு வரி போதும். என் நோட்டில் இருப்பவை சில: மழை விட்டபின் கம்பியில் வரிசையாகத் தொங்கும் துளிகள். மேசை இழுப்பறைக்குள் சிக்கிக்கிடக்கும் சார்ஜர் வயர்கள். மாலை நாலரைக்கு ஜன்னல் கம்பியின் நிழல் தரையிலிருந்து சுவரில் ஏறி மடங்கும் இடம். பக்கத்துச் சுவரில் ஈரம் படிந்த கறை, தூரத்து மலை மாதிரி. கறை படிந்த சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் மலையும் மரமும் முகமும் தெரியும் என்று லியோனார்டோ டா வின்சியே தன் குறிப்புகளில் ஓவியர்களுக்குச் சொல்லியிருக்கிறார். மனம் ஓடாத நாளில் இந்தப் பக்கத்தைத் திருப்பினால் ஏதாவது ஒன்று கையைப் பிடித்து இழுக்கும்.

டம்ளர் ஒன்றை மூன்று உயரத்தில் வைத்து வரைவதும் ஒரு நல்ல வாரத்துக்கான வேலை. தரையில் இருக்கும்போது அதன் வாய் ஏறக்குறைய வட்டம். மேசையில் வைத்தால் ஒடுங்கிய நீள்வட்டம். கண் மட்டத்துக்கு ஏற்றினால் வெறும் கோடு. நீள்வட்டத்தின் இரு முனைகளும் எப்போதும் உருண்டுதான் இருக்கும், கூராக வராது.

அசையும் மனிதர்கள் என்றால் பயம் வேண்டாம். காத்திருக்கும் இடங்களில் உட்கார்ந்து பாருங்கள். மனிதர்கள் ஒரே நிலைக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். போன் பார்ப்பவர் நிமிர்வார், சுற்றிப் பார்ப்பார், மறுபடி அதே மாதிரி குனிவார். அதனால் ஒரு பக்கத்தில் நான்கைந்து உருவங்களை ஒரே நேரத்தில் ஆரம்பித்து வைப்பேன். யார் பழைய நிலைக்கு வருகிறாரோ அவரைத் தொடர்வேன். ஒரு உருவத்துக்கு முதலில் முப்பது விநாடிதான். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, தோள் கோடு எப்படிச் சரிகிறது, உடம்பின் எடை எங்கே இறங்குகிறது, இந்த மூன்றும் போதும். முகத்துக்குப் போகவே வேண்டாம். அவர் கவனித்துவிட்டால் சிரித்து, நோட்டைக் காட்டிவிடுவேன். பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். அழுகிறவர்களையும் வலியில் இருப்பவர்களையும் நான் வரைவதில்லை.

அப்பாவை மட்டும் வரைந்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். சாயங்காலம் அவர் தூங்கும்போது போர்வைக்கு வெளியே கிடக்கும் கையை வரைவேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான். கையை வரைய அந்த மூன்று வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன். விரல்களைத் தனித்தனியாக ஆரம்பிக்காமல், முழுக் கையையும் ஒரு உறை மாதிரி மொத்தமாகப் பிடியுங்கள். விரல் மூட்டுகள் நேர்கோட்டில் இல்லை, வில் மாதிரி வளைந்து போகின்றன. புறங்கைப் பக்கம் பார்த்தால் நடுவிரல், மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரையுள்ள நீளத்தில் ஏறக்குறைய பாதி. கட்டைவிரல் மற்ற விரல்களின் தளத்தில் இல்லாமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். இதெல்லாம் தெரிந்த பிறகும் அப்பாவின் கை அப்பாவின் கையாக வந்தது பதினோராவது நாள்தான். வளைந்த சுண்டுவிரலை, அதன் வளைவைக் குறைக்காமல், இருந்தபடி வரைந்த நாள் அது. அந்தப் பக்கத்தை அவர் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

புகைப்படம் எடுத்துவைத்து அப்புறம் வரையலாமா? நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் போன் கேமராவைக் கிட்டத்தில் பிடித்தால் அருகிலிருப்பது பெரிதாகவும் தூரத்திலிருப்பது சிறிதாகவும் விழும். நிழலுக்குள் கண்ணுக்குத் தெரிந்தது படத்தில் கறுப்பாகிப் போகும். எதிரே இருப்பதை வரைய முடிந்தால் அதையே வரையுங்கள்.

உடம்பு சரியில்லாத நாளும் வரும். அன்றைக்குத் தாளில் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போட்டு, அதற்குள் மூன்று நிமிடம் வரையுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டு படமாக வரைந்து ஈடுகட்ட வேண்டாம். அந்தக் கடன் சேர்ந்துகொண்டே போய் நோட்டைத் திறக்கவே மனசு வராமல் செய்துவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் நேரமும் எழுதுங்கள். எந்தப் பக்கத்தையும் கிழிக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பக்கங்களைத் தரையில் பரப்பிப் பாருங்கள். எது அழகு என்று பார்க்காமல், எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடுங்கள். என் படங்களில் பொருளின் மேல்பாகம் எப்போதும் நீண்டு போயிருந்தது. காரணம் நோட்டில்தான் இருந்தது. மேசையில் தட்டையாக வைத்து வரையும்போது தாளின் மேல்பாதியைக் கண் சாய்வாகப் பார்க்கிறது. அங்கே போடும் கோடு குறுகித் தெரிவதால் கை தானாக நீட்டிவிடும். நிமிர்த்திப் பார்த்தால் நீளம் அப்பட்டமாகத் தெரியும். நோட்டுக்கு அடியில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்ததும் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது. இரண்டு வருடம் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது வீட்டில் எல்லோருக்கும் அந்த நாற்காலி பழகிவிட்டது. காலையில் துணியை எடுக்க வரும் கணவர் கதவருகே நின்று, "வரைஞ்சாச்சா? மடிச்சு வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறார்.