படகிலேயே தங்குகிறவர்களுக்கு: தண்ணீர், சமையல், துணி

முதல்முறை படகில் தங்கி வேலை பார்க்க வருகிற நம் ஊர்ப் பையன்கள் எல்லாரும் கேட்பது, "அண்ணே, வாந்தி வருமா?" வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். குளிக்க எத்தனை மக் தண்ணீர் என்று மட்டும் ஒருவனும் கேட்பதில்லை. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் இருப்பது மும்பைத் துறைமுகத்துக்குள் நங்கூரம் போட்டு நிற்கிற சின்ன வேலைப் படகு. நாலு பேர், 1,000 லிட்டர் டேங்க். ஆளுக்கு 20 லிட்டர் என்றால் நாளைக்கு 80, கணக்குப்படி 12 நாள் வரும். அதை நம்பி 12-ஆம் நாள் வரை உட்கார்ந்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். நாங்கள் தண்ணீர் பிடிக்கிற ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், ஓட்டி நேரத்தில் வெறும் சேறு, பர்த்தி ஏறினால்தான் படகு கிட்டே வர முடியும். (கடல் ஏற்றத்துக்கு பர்த்தி, வற்றத்துக்கு ஓட்டி. மராத்திச் சொல்தான், இங்கே தமிழாட்களும் அப்படியே சொல்கிறோம்.) பர்த்தி ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், இன்றைக்குக் காலை 10 மணிக்கு என்றால் நாலு நாள் கழித்து மதியம் 1 மணியைத் தாண்டிவிடும். அதனால் டேங்க் பாதியானதுமே நிரப்பக் கிளம்புங்கள். காலையில் எழுந்ததும் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்து, சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு. தாராவியில் அம்மா, காலையில் கொஞ்ச நேரம் வருகிற தண்ணீரை டிரம், குடம், கடைசியில் டபரா வரை நிரப்பி வைப்பார். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இது புதுசில்லை.

குளியலுக்கு ஆறு மக். இரண்டு ஊற்றி நனைந்துகொண்டு, சோப்பு போட்டு, மீதி நாலில் அலசிவிட வேண்டும். கடல் தண்ணீர் சும்மாதானே கிடக்கிறது என்று துறைமுகத் தண்ணீரை மொண்டு பாத்திரம் கழுவாதீர்கள், அதில் டீசலும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்தே இருக்கிறது. வெளிக்கடலுக்குப் போகும்போது டெக் கழுவ மொள்ளலாம். ஆனால் படகு ஓடும்போது வாளியை வீசி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது கூடவே கூடாது; நிறைந்த வாளி இழுக்கிற இழுப்பில் ஆளும் கூடப் போய்விடுவான்.

சமையலுக்குக் குக்கர் போதும். மூடி பூட்டிக்கொள்வதால் படகு ஆடினாலும் கொட்டாது. குழம்புச் சட்டியில் பாதிக்கு மேல் வேண்டாம். எண்ணெய்ச் சமையல் எல்லாம் திங்கட்கிழமைதான். எங்கள் படகு கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் நிற்கிறது, எலிபெண்டா தீவுக் குகைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற லாஞ்சுப் படகுகள் கிளப்புகிற அலை பகல் முழுக்க வந்து முட்டும்; திங்கட்கிழமை குகைகள் மூடியிருப்பதால் கொஞ்சம் அடங்கியிருக்கும், அன்றைக்கு அப்பளம் பொரிக்கலாம். கேஸ் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். அது காற்றைவிடக் கனம், கசிந்தால் வீட்டில் போல வெளியே போய்விடாமல் கீழே இறங்கி படகின் அடியில் தேங்கி நிற்கும், அப்புறம் ஒரு சுவிட்சைத் தட்டினாலே போதும். சமைத்து முடிந்ததும் முதலில் சிலிண்டரில் மூடுங்கள், குழாயில் இருப்பது எரிந்து தானாக அணையட்டும், பிறகுதான் அடுப்புத் திருகு.

அடியில் தேங்குகிற தண்ணீரையும், அதாவது பில்ஜையும், தினமும் பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். நேற்றைவிடக் கூடியிருந்தால், எண்ணெய் மிதக்காவிட்டால், ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பிப் பாருங்கள். உப்பு என்றால் கடல் உள்ளே வருகிறது, செராங்கை, அதாவது படகை நடத்துகிறவரை, எழுப்புங்கள். உப்பில்லை என்றால் உங்கள் டேங்கோ குழாயோ ஒழுகுகிறது, அதுவும் நல்ல சேதி இல்லை. எண்ணெய் கலந்ததைக் கடலில் விடாமல் கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டு போகணும்.

ஜெட்டியில் இரவு கட்டும்போது கயிறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நான் வந்த புதிதில் ஒரு பௌர்ணமி இரவு, நல்ல பர்த்தியில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, சமர்த்தாகக் கட்டிவிட்டோம் என்று தூங்கிப் போனேன். தண்ணீர் இறங்க இறங்கப் படகு கயிற்றில் தொங்க ஆரம்பித்து ஒரு பக்கம் சாய, சாம்பார்ச் சட்டி வழுக்கி வந்து என் பாயில் கவிழ்ந்துதான் விழிப்பே வந்தது. கயிறு கம்பி மாதிரி விறைத்திருந்தது, முடிச்சு அவிழவில்லை, அரிவாள்மனையால் அறுத்தோம். புதுக் கயிற்றுக் காசு என் சம்பளத்தில்தான் போனது. நீளமாக விட்டு, முடிந்த மட்டும் தூரத்தில் இருக்கிற குற்றியில் (படகு கட்டுகிற கட்டையில்) கட்டுங்கள். ராத்திரி ஒரு தடவையாவது எழுந்து பாருங்கள்.

மளிகை மாட்டுங்கா மார்க்கெட்டிலேயே கிடைத்துவிடும், முருங்கைக்காய் முதல் வாழையிலை வரை. அட்டைப்பெட்டியோடு மட்டும் ஏற்றாதீர்கள், மடிப்புக்குள் கரப்பான் முட்டை வரும்; ஜெட்டியிலேயே பிரித்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். குப்பை மொத்தமும் மூட்டை கட்டிக் கரைக்கு. பிளாஸ்டிக்கை எவ்வளவு தூரம் போனாலும் கடலில் போடக் கூடாது என்பதுதான் சட்டம்.

துணி. உப்புத் தண்ணீரில் சாதாரணச் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும், சோப்புத்தூள் பரவாயில்லை. எதில் துவைத்தாலும் கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். உப்பு தங்கிய துணி, மழைக்காலத்து உப்பு ஜாடி மாதிரி, காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்ஜின் ரூம் வாசலில் கொடி கட்டுங்கள், புகைக்குழாயில் படாமல். இரண்டு லுங்கி, நாலு டி-சர்ட், ஒரு அரைக்கால் சட்டை போதும். ஜீன்ஸ் வேண்டாம், கணபதிக்குத் துவைத்தது தசராவுக்குத்தான் காயும்.