ஆர்கேட் பெட்டி செய்கிறீர்களா? பலகையில் ஓட்டை போடும் முன் படியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பரின் மகன், நின்றுகொண்டே வீடியோ கேம் ஆடும் ஆர்கேட் பெட்டிக்காக ஓட்டை போட்ட ஒரு பிளைவுட் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "மாமா, ஜாய்ஸ்டிக் ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு?" பலகையைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன் நான் பாழாக்கிய பலகை மாதிரியே இருந்தது. அளந்து வெட்டு, பெயின்ட் காயட்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

பொருள் கைக்கு வராமல் ஓட்டை போடுவது

நான் செய்தது இதுதான். இணையத்தில் கிடைத்த படத்தை அச்செடுத்து 18 மி.மீ. பிளைவுட்டில் ஒட்டினேன். ஆசாரி சொன்னார்: "சாமான் வரட்டும் தம்பி, அப்புறம் போடலாம்." கேட்டேனா? அன்றைக்கே பதினாறு ஓட்டைகள்.

பட்டன்கள் பத்து நாள் கழித்து வந்தன. ஜப்பான் ரகம், 30 மி.மீ. நான் போட்டிருந்தது அமெரிக்க ரகத்துக்கான ஓட்டை, 28 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அரம் போட்டு ராவி, மைக்கா ஓரமெல்லாம் பிய்ந்தது. ஒருவழியாக நுழைத்தால் அடுத்த வினை: அந்த ரகத்தின் பக்கவாட்டுக் கொக்கிகள் மெல்லிய தகட்டைக் கவ்வத்தான் செய்யப்பட்டவை, தடித்த கட்டையில் விரியவே இடமில்லை. மரப்பலகைக்கு அடியில் நட்டு வைத்து முறுக்கும் பட்டன்தான் சரி.

ஜாய்ஸ்டிக் கதை இன்னும் மோசம். அதைப் பலகையின் அடியில் பொருத்துவதால், பலகை எவ்வளவு தடிமனோ, குச்சியில் அவ்வளவு உயரத்தைப் பலகையே விழுங்கிவிடும். மேலே மிஞ்சியது ஒரு கட்டை விரல் உயரம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சண்டை ஆட்டத்தில் ஹடோகென் என்ற அடியைப் போடக் குச்சியைக் கால்வாசி வட்டம் சுற்றினால் விரல் முட்டி பலகையில் உரசியது. அடிப்பக்கம் ரூட்டர் என்ற மரம் குடையும் மிஷின் வைத்துக் குடைந்து, 6 மி.மீ. மட்டும் மிச்சம் விட வேண்டும். அந்த 6 மி.மீ.யில் மர ஸ்க்ரூ பிடிக்காது. மேலிருந்து தட்டைத் தலை போல்ட் இறக்கி, அதன்பிறகுதான் மைக்கா ஒட்ட வேண்டும். நான் மைக்காவை முதலில் ஒட்டிவிட்டேன். ஒரு முழு ஷீட்டும் இரண்டு வார விடுமுறையும் போச்சு. இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான்.

எனவே முதலில் ஓர் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, வாங்கிய பட்டன்களையே செருகி, நின்றுகொண்டு அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் இடத்தை மாற்றுங்கள். அட்டைக்குக் காசில்லை.

எல்லா ஆட்டத்துக்கும் ஒரே கேட்

கேட் என்றால் ஜாய்ஸ்டிக்கின் அடியில், குச்சி எந்தத் திசையில் போகலாம் என்று கட்டுப்படுத்தும் தகடு. 1980-இல் வந்த பேக்மேன் ஆட்டத்துக்கு நான்கே திசைதான். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் ஆடினால் மூலை வளைவில் மாட்டி, பேயிடம் சாவீர்கள். அடியில் உள்ள கேட்டைத் திருப்பினால் நான்கு திசையாகும் ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.

போன் சார்ஜர்

பெட்டிக்குள் ஆட்டத்தை ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டரான ராஸ்பெரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். கையில் கிடைத்த போன் சார்ஜரை நம்பாதீர்கள். திரை மூலையில் மின்னல் குறி தெரிந்தால் குற்றவாளி பெரும்பாலும் சார்ஜர்தான்.

பழைய டிவியின் பிக்சர் டியூப்

திரைக்காகப் பழைய டிவியைப் பிரித்தால் கவனம்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். கை வைக்காதீர்கள்.

வாசல்

அளந்தீர்களா? மாடிப்படித் திருப்பத்தையும்? என் முதல் பெட்டி இன்னும் மொட்டை மாடி அறையில்தான் இருக்கிறது. கதவைக் கழற்றியும் இறங்கவில்லை.